மண்பையில் மணந்த சந்தனம்

நான் மண்பைக்குள் மூக்கைப் புதைத்தபடி குனிந்திருந்தேன். பக்கத்து மேசையிலிருந்து கிளென் எட்டிப் பார்த்தான்.

“என்ன றஞ்சி, கும்பிடுறியா?”

“இல்லை, மணந்து பாக்கிறன்.”

“என்ன மணக்குது?”

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? எரிந்த வெடிமருந்து மணக்க வேண்டிய இடத்தில் எங்கள் வீட்டுச் சாமி அறை மணந்தது.

ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமைக் காலை அது. ரொறன்ரோவிலிருந்து கிழக்கே ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடினால், சோள வயல்கள் முடிந்து சிவந்த மேப்பிள் மரங்கள் தொடங்கும் இடத்தில் எங்கள் குறிச்சூட்டுக் கழகம் இருக்கிறது. வாயைத் திறந்தால் புகை வரும் குளிர். வரிசையாகக் கொங்கிறீற் மேசைகள். மேசைக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு துவக்கு. ஐந்தாறு உதைபந்தாட்ட மைதானங்களை நீளத்துக்கு அடுக்கினால் வரும் தூரத்தில், முத்திரை அளவாய்த் தெரியும் வெள்ளைக் கடதாசிகள்.

இந்த விளையாட்டில் துவக்கை யாரும் தோளில் தூக்கிப் பிடிப்பதில்லை. அதன் முன்பக்கம் ஒரு மண்பையில் படுத்திருக்கும், பின்பக்கம் இன்னொரு சின்னப் பையில். நாங்கள் கதிரையில் இருந்தபடி, தொலைநோக்கியால் பார்த்து, விசையைத் தொடுவோம். ஒரு கடதாசிக்கு ஐந்து சன்னம். நடுவில் பட்டதா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஐந்தும் ஒன்றுக்கொன்று எவ்வளவு கிட்டப் பட்டிருக்கின்றன என்பதுதான் கணக்கு. நாலு சுற்று, நாலு கடதாசி. நாலின் அகலத்தையும் கூட்டி, ஆகக் குறைந்தவர் வென்றவர்.

என் முதற் கடதாசி அப்போதுதான் பிக்கப் வண்டியில் வந்து பலகையில் தொங்கியது. ஐந்து ஓட்டைகளும் மேலும் கீழுமாகச் சிதறி, ஒரு வெண்டிக்காய் நீளத்துக்கு. மற்றவர்களின் கடதாசிகளில் ஓட்டைகள் ஒரு கைப்பிடிக்குள் குந்தியிருந்தன. கிளென் முதலாமிடம். நான் கடைசிக்கு முந்தின ஆள்.

அன்றைக்கு வெல்லாவிட்டால் துவக்கை விற்க வேண்டும். அது வீட்டில் பேசி முடித்த ஒப்பந்தம். அந்த வருடத்தின் கடைசிப் போட்டியும் அதுதான்.

பிளாசாவில் வந்த கேள்வி

அதற்கிடையில் ஒரு விசயம். போன கிழமை இந்தப் பக்கத்தில் சென் ஜேம்ஸ் ரவுணில் லிப்ற் நின்றுபோன கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதை வாசித்த ஒரு அன்ரி ஸ்காபரோப் பிளாசாவில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவர், என்னைக் கண்டதும் முருங்கைக்காயைத் திரும்பப் போட்டுவிட்டு வந்தார்.

“பிள்ளை, லிப்ற் கதை வாசிச்சனான். அது கிடக்கட்டும். நீர் துவக்குச் சுடுறனீராம், மெய்யோ?”

“ஓம் அன்ரி.”

“ஆரைச் சுடுறனீர்?”

“கடதாசியை.”

“கடதாசி உமக்கு என்ன செய்தது?”

எனக்குச் சனங்கள் கதைப்பதைக் கேட்பதென்றால் சோறு தண்ணி வேண்டாம். நல்லதாக ஒரு வசனம் காதில் விழுந்தால் நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். அன்ரியின் கேள்விக்கு அன்றைக்கு நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது பதில் எழுதுகிறேன்.

ஐந்தும் ஒன்றும்

நான் படித்து மேலே வந்தவள் இல்லை. கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு மெசின் பக்ரறியில் பெட்டி அடுக்கினேன். அடுக்கும்போது ஒருநாள், ஒரு சாமான் மற்றதைவிடக் கொஞ்சம் தடிப்பு என்று கையால் உணர்ந்து சொன்னேன். முதலாளி பீலிக்ஸ் அதை வாங்கி அளந்து பார்த்தார். அடுத்த நாள் என் கையில் ஒரு மைக்றோமீற்றரைத் தந்தார். அன்றையிலிருந்து எனக்கு வேலை அளப்பதுதான். மிச்சமெல்லாம் கேட்டும் பார்த்தும் பிழைவிட்டும் பழகியது.

கிளென் அங்கே கடைசல் மெசினில் நின்றவன். என்னைவிட மூப்பு. ஆனாலும் இத்தனை வருடம் ஒரே மேசையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவனை ‘அவர்’ என்று எழுதக் கை வருகுதில்லை. என் இடியப்பத்தைப் பார்த்து முதல் நாள் கேட்டான், “இதை எந்த மெசினில செய்யிறது?” அவன் சொல்லும் ஒவ்வொன்றும் அப்படித்தான். ஆங்கிலத்தில் சொல்லுவான், என் காதில் தமிழாக விழும்.

ஒரு கோடையில் அவன் பக்ரறிச் சனத்தைத் தன் கழகத்துக்குக் கூட்டிப் போனான். எனக்குப் போக மனமில்லை. ஊரில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் எத்தனை வீடு தள்ளி என்று சொல்லக்கூடிய காது என்னுடையது. அந்தக் காதை விமானத்தில் ஏறும்போது கழற்றி வைத்துவிட்டு வர முடியவில்லை. காரைவிட்டு இறங்கமாட்டேன் என்று உள்ளேயே இருந்தேன்.

கிளென் ஒரு கடதாசியைக் கொண்டுவந்து கார்க் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தான். நடுவில் ஒரே ஒரு ஓட்டை, ஓரம் கொஞ்சம் பிய்ந்து.

“ஒண்டுதானே சுட்டனீ?” என்றேன்.

“அஞ்சு.”

நான் கதவைத் திறந்து இறங்கினேன். ஐந்து தரம் நடந்த ஒரு காரியம் ஒரே இடத்தில் நடந்திருக்கிறது! நான் வேலையில் நாள் முழுக்கத் தேடுகிற சாமான் அதுதான். ஓட்டையின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன்.

“எப்பிடிச் சுடுறது?” என்று கேட்டேன்.

“நாங்கள் சுடுறேல்லை. அது தன்ரை பாட்டில படுத்திருக்குது. நாங்கள் குழப்பாமல் இருக்கிறம், அவ்வளவுதான்.”

அன்ரி, கடதாசி எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஐந்து ஒன்றாகுமா என்று பார்க்கிற ஆசைதான்.

கையெழுத்து

சில வருடம் கிளெனின் பழைய துவக்கால் பழகினேன். அது அவன் வீட்டிலேயே இருந்தது. பிறகு எனக்கென்று ஒன்றை நானே கட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. இங்கே துவக்கு லைசென்சுக்கு விண்ணப்பித்தால், கூட வாழும் மனிசனோ மனிசியோ அதை அறிந்து கையெழுத்து வைப்பது வழக்கம். என்னுடைய விண்ணப்பத்தில் என் மனிசன், அதாவது இவர், முந்தியே வைத்துவிட்டார். ஆனால் துவக்கு வீட்டுக்குள் வருவது வேறு கதை.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிசிசாகாவில் விமானச் சரக்குக் களஞ்சியத்தில் போர்க்லிப்ற் ஓட்டுகிறார். குரலை உயர்த்தமாட்டார். ‘இல்லை’ என்ற சொல் அவர் வாயில் வராது. “பாப்பம்” என்பார். எங்கள் மகள் அபி சின்னனாக இருந்தபோதே கண்டுபிடித்துவிட்டாள்: “அப்பா பாப்பம் எண்டால், இற்ஸ் எ நோ.”

நான் கேட்டதும் “பாப்பம்” என்றார். மூன்றாம் முறை கேட்டபோது தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இஞ்சாரும், உதை எங்க வைக்கப் போறீர்?”

“கீழ பேஸ்மென்ற்றில. இரும்பு அலுமாரி, பூட்டு. துவக்குக்கும் தனிப் பூட்டு. திறப்பு என்னட்டை மட்டும்.”

“ஊரில எங்கடை வீட்டில ஒருக்கால் ஆமி வந்து துவக்கு இருக்கோ எண்டு தேடினவங்கள். ஒண்டும் இல்லை. ஒண்டும் இல்லாத வீட்டிலயே அம்மா மூண்டு நாள் சாப்பிடேல்லை. இப்ப நீர் உண்மையா ஒண்டைக் கொண்டுவந்து வைக்கப் போறீர்.”

அந்த வீடு எனக்கும் தெரியும்.

அவர்தான் ஒரு வழியும் சொன்னார். “ஒரு சீசன். கட்டும், கொண்டுபோய்ச் சுடும். ஒரு போட்டியாவது வெண்டீரெண்டால் அது நிக்கட்டும், நான் வாய் திறக்கமாட்டன். இல்லாட்டி ஒக்டோபர் முடிய வித்துப்போடுவம். சரியே?”

“ஏன் வெல்ல வேணும் எண்டு வைக்கிறியள்?”

“சும்மா கிடக்கிற துவக்கை என்னால பாக்க ஏலாது. அதுக்கு ஒரு வேலை இருக்கவேணும்.”

அது நியாயமாகப் பட்டது. சரி என்றேன்.

ஒரு வின்ரர் முழுக்க

துவக்கின் குழல் ஒரு நீளப் பெட்டியில் வந்தது. கதவைத் திறந்து வாங்கியவர் இவர்தான். “யன்னல் சீலை போடுற கம்பியோ?” என்றார். நான் பேசாமல் வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்ரறிக் கடைசல் மெசினைப் பாவிக்க பீலிக்ஸ் அனுமதி தந்தார். தானும் கூடவே இருப்பேன் என்பது அவருடைய நிபந்தனை. எனக்கு எல்லாரும் நிபந்தனை போடுகிறார்கள்.

குழலின் பின்வாயில் தோட்டா அமரும் அறையைக் குடைய வேண்டும். அந்த அறையும் குழலின் துவாரமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால், மிச்சமெல்லாம் எவ்வளவு திறமாக இருந்தும் பிரயோசனம் இல்லை. டயல் கேஜ் என்ற அளவுகருவியை வைத்து, குழலைச் சுற்றிப் பார்த்தால், மயிரளவு கோணல் இருந்தாலும் அதன் ஊசி ஆடும். ஆணியைக் கொஞ்சம் இறுக்குவது, சுற்றுவது, மற்ற ஆணியை எப்பன் தளர்த்துவது. ஊசி ஆடிக்கொண்டே இருக்கும். முதல் ஞாயிறு முழுக்க ஊசியோடுதான் போனது. ஒரு தடவை அது நின்றுவிட்டது என்று துள்ளினேன். பார்த்தால் கேஜ் குழலில் முட்டவேயில்லை.

அழுகை வந்துவிட்டது. பீலிக்ஸ் பாணைக் கடித்தபடியே சொன்னார்: “அழு, பிழையில்லை. மெசினை நிப்பாட்டிப்போட்டு அழு.”

அடுத்த ஞாயிறு ஊசி நின்றது. உண்மையாகவே நின்றது. மூச்சை விடப் பயந்து நின்றேன். பிறகு குடைய வேண்டும். கொஞ்சம் வெட்டுவது, வெளியில் எடுப்பது, துடைப்பது, எண்ணெய் விடுவது, திரும்ப வெட்டுவது. மயிர் போலச் சுருள்கள் விழும். கடைசியில் அளவுக் கட்டையை உள்ளே வைத்து, பின்வாயை அடைக்கும் போல்ற்றை மூடினேன். என் ஒரு விரலின் பாரத்தில் அது இறங்கி வந்து, வேண்டிய இடத்தில் தொட்டு நின்றது. பீலிக்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தானும் ஒரு தரம் மூடிப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம். மூன்றாம் தரமும் மூடினபோது எனக்கு விளங்கியது, அவருக்கு அந்த உணர்ச்சி பிடித்துவிட்டது.

மரப்பிடியை வீட்டிலேயே செய்தேன். மேப்பிளும் வோல்நட்டும் மாறி மாறி ஒட்டிய கட்டை. பேஸ்மென்ற் முழுக்க மரத்தூள். இவர் படியில் நின்று பார்ப்பார்.

“உது அகப்பையோ துவக்கோ?”

“இப்ப அகப்பை. பங்குனிக்குள்ள துவக்காகிடும்.”

ஆகக் கூடுதலான நேரம் போனது அந்தக் கட்டையின் முன்பக்கத்துக் கீழ்ப்பாகத்துக்குத்தான். வெடிக்கும்போது துவக்கு மண்பையில் பின்னுக்கு வழுக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வழுக்கினால்தான் ஐந்து சன்னமும் ஓரிடத்தில் போகும். ஒருமுறை இழுத்துப் பிடித்தால், அந்தச் சன்னம் மேலேயோ கீழேயோ போய்விடும். அதனால் அந்த அகலமான தட்டை முகத்தைத் தேய்த்துத் தேய்த்து, மெழுகிட்டு, கண்ணாடி போல ஆக்கினேன். கீழே இருக்கிற, ஒருவர் கண்ணிலும் படாத பக்கத்துக்கு இவ்வளவு மினுக்கம் ஏன் என்று இவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு கோடை முழுக்க

துவக்கு நல்லாகத்தான் வந்திருந்தது. வைகாசியில் முதன்முதல் சுட்ட கடதாசியைப் பார்த்துவிட்டு கிளென் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அவனிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஆனால் வெற்றி வரவில்லை. ஒரு போட்டியில் இரண்டாம் இடம். இன்னொன்றில் மழை. ஆடியில் முதலாவதாக நின்றுகொண்டிருந்தேன். கடைசிச் சுற்றில் ஒரு சன்னத்தைப் பக்கத்து ஆளின் கடதாசியில் சுட்டுவிட்டேன். அந்த மனிசன் ஆறு ஓட்டையோடு கடதாசியைத் தூக்கிக்கொண்டு வந்து, “இது உங்கடை எண்டு நினைக்கிறன்” என்றார், பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற மாதிரி.

ஒவ்வொரு தரமும் வீட்டுக்கு வரும்போது இவர் கதவடியில் நிற்பார். கேட்கமாட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாப்பாடு சூடாக்கட்டோ?” என்பார். எனக்கு அது ஆறுதலா, ஒக்டோபர் கிட்ட வருகிறது என்ற சந்தோசமா என்று பிடிபடவில்லை.

சரசுவதிக்குப் பக்கத்தில்

கடைசிப் போட்டி சனிக்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை எங்கள் வீட்டில் சரசுவதி பூசை.

எங்கள் சாமி அறை உண்மையில் ஒரு உடுப்பு அலுமாரி. கதவைக் கழற்றி, படங்களை வைத்து, கீழ்த்தட்டில் வெள்ளைத் துணி விரித்திருக்கிறோம். அபி தன் மடிக்கணினியை வைத்தாள். நான் மைக்றோமீற்றரை வைத்தேன். இவர் வேலைக்குப் போடுகிற மஞ்சள் தலைக்கவசத்தை வைத்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார்.

“உதையும் கொண்டுவாரும்.”

“எதை?”

“உதைத்தான்.”

கட்டி முடிந்த நாளிலிருந்து அவர் அதைத் துவக்கு என்று ஒரு தரமும் சொன்னதில்லை. என்னால் நம்ப முடியவில்லை. போட்டிக்காக எல்லாம் மெழுகிட்டுத் தயாராகத்தான் இருந்தது. போல்ற்றைக் கழற்றி, பூட்டுப் போட்டபடியே கொண்டுவந்து, துணியில் பக்கவாட்டாகக் கிடத்தினேன்.

“அம்மா, இற்ஸ் எ றைபிள், நொட் எ வீணை” என்றாள் அபி.

“சும்மா இரு பிள்ளை. அதுவும் சுருதி சேத்து எடுத்த சாமான்தான்” என்றார் இவர்.

“இரும்பில ஒண்டும் பூசிப்போடாதேங்கோ. தொலைநோக்கிக் கண்ணாடியைத் தொடவே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் கடலை அவிவதைப் பார்க்கக் குசினிக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் மைக்றோமீற்றர்ப் பெட்டிக்குப் பொட்டு, மடிக்கணினிக்குப் பொட்டு, தலைக்கவசத்துக்கு விபூதிக் குறியே இழுத்திருந்தார். துவக்கின்மேல் ஒரு செவ்வந்திப் பூ மட்டும் கிடந்தது. சொன்னதைக் கேட்டாரே என்று நிம்மதி. அதோடு, ஒரு பொட்டு வைக்கக்கூட மனம் வரவில்லைப் போல என்று ஒரு சின்னக் குத்தலும்.

வெள்ளி பின்னேரம் பூவை எடுத்துவிட்டுத் துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

முதற் கடதாசிக்குப் பிறகு

இனி அந்தக் காலைக்குத் திரும்பி வாறன்.

வெண்டிக்காய் நீளத்தைக் கண்டதும் நான் தொலைநோக்கியின் ஆணிகளைப் பார்த்தேன். இறுக்கம் சரி. மரப்பிடியின் ஆணிகள் சரி. தோட்டாக்கள் எல்லாம் ஒரே நாளில் ஒரே கையால் அடைத்தவை. கிளென் வந்து குழலைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் பிழையில்லை.

“நீதான் எதையோ குழப்புறாய்” என்றான்.

“நான் ஒண்டும் குழப்பேல்லை!”

“அப்ப வேற ஆரோ குழப்பினம்.”

அடுத்த சுற்றுக்கு ஆட்கள் கையுறையைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். நான் துவக்கை முன்னுக்குத் தள்ளி வைக்கப் போனேன். வழுக்கி வர வேண்டியது, ஈரக் கதவு மாதிரி இறுகி வந்தது. மண்பையின் கறுப்புத் தோலைப் பார்த்தேன். ஒரு மஞ்சள் கோடு. குனிந்து மணந்தேன்.

அப்போதுதான் கிளென் கும்பிடுகிறாயா என்று கேட்டது.

காலையில் அடியைப் பார்க்காமலே பையில் வைத்த துவக்கைத் தூக்கித் திருப்பினேன். நான் ஒரு வின்ரர் முழுக்கத் தேய்த்த அந்தக் கண்ணாடி முகத்தின் நட்ட நடுவில், ஒரு காலத்தில் வட்டமாக இருந்த சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். டப்பாத் தூளும் இல்லை. கட்டையில் அரைத்த சந்தனம், தடிப்பாக. வீட்டுச் சூட்டில் காய்ந்து கிடந்தது, காலைப் பனியில் ஊறி, ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு மாதிரி ஒட்டிப் பிடித்திருக்கிறது.

எனக்கு இவர் அதை வைத்த விதம் கண்முன்னே தெரிந்தது. இரும்பில் பூச வேண்டாம் என்று சொன்னவள் நான். அதனால் மரம். கண்ணாடியைத் தொட வேண்டாம். அதனால் தூரமாக, முன்பக்கம். வெள்ளைக்காரர் கண்டு நக்கலடித்தால் நான் வெட்கப்படுவேன். அதனால் கீழ்ப்பக்கம், சுவரைப் பார்த்தபடி. மனிசன் எவ்வளவு யோசித்திருக்கிறார்! அத்தனை கரிசனையும் சேர்ந்து, துவக்கில் வைக்கவே கூடாத ஒரேயொரு இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறது.

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒன்று வந்தது.

“என்ரை மனிசன் துவக்குக்கு ஆசீர்வாதம் பண்ணியிருக்கிறார்” என்றேன்.

கிளென் விரலால் தொட்டுப் பார்த்தான். விரல் ஒட்டியது. “ஆசீர்வாதமோ? இது பசையெல்லோ?”

தேத்தண்ணிக்குக் கொண்டுபோன சுடுதண்ணியில் துணியை நனைத்துத் துடைத்தேன். காயவைத்து மெழுகிட்டேன். மரம் சரியாகிவிட்டது. மண்பையின் தோலில் ஊறினது போகவில்லை. நான் நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்க, கிளென் தன் காருக்குப் போய் இன்னொரு மண்பையைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டான்.

“கிளென், நீ முதலாமிடத்தில நிக்கிறாய்.”

“தெரியும். உன்ரை துவக்கோட போட்டி போடுவன். உன்ரை சாமியோட நான் ஏன் மல்லுக்கட்ட வேணும்?”

மூன்று கடதாசிகள்

காதுக் கவசத்தைப் போட்டேன். உலகம் பஞ்சுக்குள் போனது.

இரண்டாம் சுற்றில் துவக்கு வழுக்கியது. அந்த வழுக்கலைக் கன்னத்தில் உணர்ந்தேன். ஒரே மாதிரி, ஒரே மாதிரி, ஒரே மாதிரி. கடதாசி வரும்வரை பார்க்கத் தேவையிருக்கவில்லை.

மூன்றாம் சுற்றுக்குக் காற்று எழும்பியது. காற்றைக் காட்ட வழிநெடுகக் கட்டியிருந்த றிபன்கள் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக ஆடின. பலர் அவசரப்பட்டார்கள். எனக்கு ஊசி ஞாபகம் வந்தது. றிபன்கள் முதற் சன்னத்துக்கு ஆடின அதே மாதிரி ஆடும்வரை விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வந்ததும் தொட்டேன். திரும்பக் காத்திருந்தேன். நேரம் முடிகிறது என்று கத்தும்போது ஐந்தாவது போய்விட்டது.

மூன்றாவது கடதாசி பலகையில் தொங்கியபோது, அடியில் நின்ற நான் மூன்றாம் இடத்துக்கு ஏறியிருந்தேன். ஆட்கள் என் மேசைப் பக்கம் வந்து நிற்கத் தொடங்கினார்கள். அப்படி நிற்பது இந்த விளையாட்டில் கைதட்டுவதற்குச் சமம்.

கடைசிக் கடதாசியைக் கொண்டுவந்த பெடியன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தான். அளக்கிற பெண்மணி சட்டைப்பையிலிருந்து ஒரு ரூனியை, இரண்டு டொலர்க் காசை, எடுத்து, ஐந்து ஓட்டையின் மேலும் வைத்தார். காசு எல்லாவற்றையும் மூடிவிட்டது. “ஓ, மை” என்றார். பிறகு கணக்குப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டுத் திரும்பப் பார்க்கச் சொன்னார்.

முதலாமிடம் நான். கிளெனுக்கும் எனக்கும் இடையில் ஒரு நகத்தின் தடிப்பு.

நான் கத்தினேன். என் வயதில் அப்படிக் கத்தக்கூடாது. மேப்பிள் மரத்திலிருந்த காகங்களெல்லாம் எழும்பிப் பறந்தன. காலையிலிருந்து வெடித்த வெடிக்கெல்லாம் அசையாதவை. கிளென் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான்.

“அடுத்த முறை பை தரமாட்டன்” என்றான். சொன்ன வாயெல்லாம் சிரிப்பு.

நன்றியறிதல் நாள் கிழமை என்றபடியால், பரிசு ஒரு உறைந்த வான்கோழி.

பென்சில் வட்டம்

இவர் கதவடியில் நின்றார். என் ஒரு கையில் துவக்குப் பெட்டி, மற்றக் கையில் வான்கோழி. என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குச் சாப்பாடு சூடாக்கட்டோ என்று கேட்கவில்லை.

“வெண்டிட்டீரோ?”

“வெண்டிட்டன்.”

அந்த மனிசன் துள்ளினார்! முப்பது வருடத்தில் நான் காணாத துள்ளல். சப்பாத்து வைக்கும் தட்டு சரிந்தது. அபி மேலிருந்து ஓடிவந்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றார் இவர். குரலைத் தாழ்த்தினார். “கீழ்ப்பக்கம் பாத்தனீரே? ஒருதருக்கும் தெரியாமல் சந்தனம் வைச்சனான். இரும்பில படேல்லை. நல்லா அரைச்சு, தடிப்பா.”

சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். என்னால் முடியவில்லை. அளக்கிற ஆள் நான். நடந்ததை நடந்தபடி சொன்னேன். வெண்டிக்காய், ஈரக் கதவு, மண்பை, எல்லாம்.

அவர் படியில் குந்திவிட்டார். “அப்ப நான்தானே உம்மைத் தோக்கடிக்கப் பாத்தது?”

“இஞ்சாருங்கோ. சந்தனம் வைக்கேக்குள்ள என்ன எண்டு கும்பிட்டனீங்கள்?”

“என்னெண்டு கும்பிடுறது? நீர் வெல்ல வேணும் எண்டுதான்.”

“வெல்லாட்டி விக்கவேணும் எண்டு சொன்ன ஆள் ஆர்?”

“நான்தான்.”

“அப்ப?”

“ஒவ்வொரு முறையும் நீர் வாற முகத்தைப் பாத்துப் பாத்து எனக்கு ஏலாமல் போச்சு” என்றார். “சொன்ன சொல்லை மாத்தவும் ஒரு மாதிரிக் கிடந்தது. அதுதான் அவவிட்டைச் சொல்லிப் பாத்தனான்.” சாமி அறைப் பக்கம் கையைக் காட்டினார்.

அபி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “யூ கைஸ் ஆர் அன்பிலீவபிள்” என்றுவிட்டு வான்கோழியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் பெட்டியைத் திறந்து, பூட்டுப் போட்டிருந்த துவக்கை மேசையில் கிடத்தினேன். மேசை லாச்சிக்குள் பென்சில் இருந்தது. மரப்பிடியின் பின்பக்கம், வலப்புறம், பையும் முட்டாத, கையும் முட்டாத, என் கன்னமும் முட்டாத ஒரு இடத்தைத் தேடி, பத்துச் சதக் காசு அளவில் ஒரு வட்டம் கீறினேன்.

“இனி இஞ்சை.”

அவர் அன்றிரவே அரைத்துக்கொண்டு வந்து வைத்தார். வட்டத்தின் விளிம்பைத் தாண்டாமல், நாக்கைக் கடித்தபடி.

இந்த வைகாசியில் முதற் போட்டிக்கு இவரும் வந்தார். காதுக் கவசம் போட்டு, மடிப்புக் கதிரையில், மடியில் சந்தனக் கிண்ணத்தோடு. நாங்கள் மேசைகளை ஒழுங்குபண்ணிக்கொண்டு இருந்தபோது கிளென் தன் துவக்கைக் கொண்டுவந்து இவருக்கு முன்னால் வைத்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

இவர் கிண்ணத்தைத் திறக்கவில்லை. என்னிடம் கையை நீட்டிப் பென்சிலை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கிளெனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

“முதல்ல சொல்லும். இந்தத் துவக்கில எந்த இடம் ஒண்டிலயும் முட்டாது?”